நன்றி என்றால் போதும்

"தொத்துமா, தொத்தாதா? அதை மட்டும் சொல்லிடுங்க டாக்டரம்மா."

எர்மிந்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாயை மூடியிருந்த கைக்குட்டையை இன்னும் எடுக்கவில்லை. பொசாதாஸ் நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வர விடியலுக்கு முன்பே பஸ் ஏறியவள். இருமி இருமி அவள் குரலே உடைந்துபோயிருந்தது.

டாக்டர் கோவால்சுக் சின்ன வயதுப் பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். "முதல்ல, இது டி.பி. இல்லை. யார் உங்ககிட்ட டி.பி.ன்னு சொன்னது?"

"எங்க ஊர் நர்ஸ், 'இருந்தாலும் இருக்கும்'னுச்சு. என் வீட்டுக்காரருக்கு அது போதும். அன்னைக்கே என் கட்டிலைத் தூக்கிப் புகையிலைக் கொட்டகையில போட்டுட்டாரு. ரெண்டு வருஷமாச்சு."

"பாவம்," என்றாள் டாக்டர். "இங்க பாருங்க. மூச்சுக்குழாய் எல்லாம் விரிஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சு, பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி. சளி மேலே ஏறி வர வழியில்லாம உள்ளேயே தேங்குது. தேங்கின இடத்துல கிருமி சேருது. அதான் ஒவ்வொரு மழைக்கும் உங்களுக்கு நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஊசின்னு ஓடுது. இதுக்குப் பேர் பிராங்கியெக்டாசிஸ்."

அந்தப் பேர் எர்மிந்தாவின் வாயில் நுழையவில்லை. "குணமாயிடுமா?"

"பொய் சொல்ல மாட்டேன். விரிஞ்சது விரிஞ்சதுதான். எப்படிப் படுத்து, எப்படி இருமிச் சளியை வெளியேத்தணும்னு சொல்லித் தர்றேன். தினமும் செய்யணும். காய்ச்சல் தலைகாட்டினா உடனே மருந்து. ஆனா ஒண்ணு, இது தொத்தாது. ஒரே தட்டுல சாப்பிடலாம். ஒரே குழல்ல மாத்தே குடிக்கலாம். வீட்டுக்காரர் பக்கத்துல படுக்கலாம்."

"கொஞ்சம்கூடத் தொத்தாதா?"

"கொஞ்சம்கூட."

எர்மிந்தா கைக்குட்டைக்குள் விசும்பி அழுதாள். அழுகை இருமலாகி, இருமல் மறுபடி அழுகையானது. ஆனந்தக் கண்ணீர் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள். நினைக்காமல் எப்படி இருப்பாள்? அந்தச் செம்மண் சீமையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரைக் குடிக்க எல்லாருக்கும் ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். சூடாக ஊற்ற ஊற்ற அது கைமாறிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தில் இடமில்லாமல் போனவள் ஊரில் இருந்தும் இல்லாதவள்தான். சற்றுமுன் வெளியே பெஞ்சில்கூட ஒரு பெண் பிரியமாகக் குடுவையை நீட்டினாள். எர்மிந்தா "நன்றி" என்றுவிட்டாள். அங்கே நன்றி என்றால் போதும், எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் குடுவை அந்தப் பக்கமே வராது. மற்றவர்கள் வயிறு நிறைந்தபின் சொல்லும் வார்த்தை. அவள் நா நனையும் முன்பே சொல்லப் பழகியிருந்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் டாக்டர். "அந்தக் கொட்டகையை முதல்ல விடுங்க. அந்த ஈரமும் புகையிலைத் தூசியும் உங்களுக்கு விஷம். அங்கேயே கிடந்தா மிச்சம் இருக்கிற நல்ல நுரையீரலும் போயிடும். இன்னைக்கே வீட்டுக்குள்ள போயிடணும், சரியா?"

எர்மிந்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் படத்தைக் கழற்றப் போனவள் நின்றாள். "இதென்ன, விலா எலும்பு ஒடிஞ்சு கூடியிருக்கு?"

"குதிரை உதைச்சது."

"இந்தப் பக்கமுமா?"

"அதே குதிரைதான்."

"பொல்லாத குதிரையா இருக்கே. வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"அதை யாரு வாங்குவா டாக்டரம்மா?" எர்மிந்தா முதல்முறையாகச் சிரித்தாள். "இப்பல்லாம் அது கிட்ட வர்றதில்லை."

"சரி, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. தொத்தாதுன்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம்." எர்மிந்தா சட்டென்று எழுந்துவிட்டாள். "இதுக்காகவே காத்துக்கிட்டிருக்கிற மனுஷன். நான் என் வாயாலயே சொல்றேன்."

டாக்டருக்கு மனம் நெகிழ்ந்துபோனது. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பினாள்.

வெளியே மரத்தடியில் அவள் புருஷன் எவாரிஸ்தோ பிளாஸ்க்கும் குடுவையுமாக உட்கார்ந்திருந்தான். பஸ்ஸிலும் அவளுக்கு நாலு சீட் தள்ளித்தான் உட்கார்ந்து வந்தான்.

"என்னடி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? சங்கு ஊதிட்டாங்களா?"

"டி.பி. இல்லையாம். வேற என்னமோ பெரிய பேரா சொன்னாங்க."

"பேரு கெடக்கட்டும். வீட்டுக்குள்ள வரலாமா, கூடாதா? ரெண்டு வருஷமா ஒத்தையில கெடக்கேன். எனக்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கு." அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு குடுவையில் வெந்நீர் ஊற்றி அவள் பக்கம் நீட்டினான். "இந்தா, தொத்தாதுன்னா ஒரு வாய் இழு, பாப்போம்."

மாத்தேயின் கசந்த ஆவி அவள் முகத்தில் அடித்தது. அந்த மணத்துக்கு எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. கொட்டகையின் ஈரம் நினைவுக்கு வந்தது.

"நன்றி," என்றாள்.

எவாரிஸ்தோ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். வெந்நீர் அவன் கால்சட்டையில் சிந்தியது. "சனியன். இது எப்பத்தான் சரியாகும்?"

"சாகிற வரைக்கும் மாறாதாம்."

அவள் வாய் வைக்காத குழலை அவன் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான். "அப்ப கொட்டகையிலயே கெட. எங்கிட்ட வந்துடாதே. தள்ளியே நட."

"சரி," என்றாள் எர்மிந்தா. விலாவைத் தடவிக்கொண்டு, அவன் சொன்னபடியே தள்ளி நடந்தாள்.

அந்த வீட்டில் ஒருநாளும் குதிரை இருந்ததில்லை.