களத்தில் ஏறிய செருப்பு

"அடியே, மேஸ்திரியம்மா காலப் பாருங்கடி!"

சுகுணா கிசுகிசுத்ததும் காப்பிக் களத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. பாப்பாத்தியின் தலைதான் முதலில்.

ஏற்காட்டுத் தலைச்சோலை எஸ்டேட்டின் களம் அது. காப்பிக் கொட்டையைச் சிமெண்ட்டுத் தரையில் பரப்பி, பொழுதன்னைக்கும் பலகையால் தள்ளிக் கிளறிக் காயவைக்கிற இடம். அங்கே செருப்புக் கால் படக்கூடாது. முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம். சட்டத்துக்குக் காவல், மேஸ்திரி இன்பமேரி.

அந்த இன்பமேரிதான் இன்றைக்கு மெத்துமெத்தென்று ஒரு நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு களத்து நடுவில் சரக் சரக்கென்று இழுத்து நடந்தாள். அதுவும் அளவு பெரிசு. குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரக்கடை இடம் சும்மா கிடந்தது.

பாப்பாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? போன வாரம், தேய்ந்துபோன பழைய செருப்போடு அவள் களத்தில் ஏறியபோது இந்த மகராசி என்ன ஆட்டம் ஆடினாள்!

"முள்ளு ஏறிருச்சுங்க்கா" என்று சொல்லியும் கேட்கவில்லை. "கழட்டு. கொண்டா இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போனவள், ரூமைப் பூட்டிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறிவிட்டாள். எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் பாப்பாத்தி மட்டும் தன் செருப்புக்காக வாசலில் காத்துக் கிடந்தாள்.

முள்ளாவது ஒன்றாவது! அவளுக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறின மாதிரி உயிர் போகும். சுவரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நடந்தால்தான் மட்டுப்படும். ஆனால் வெளியில் மூச்சு விடமாட்டாள். தெரிந்தால் களத்தை விட்டு எடுத்து, சரிவில் புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள். அந்த மேட்டில் ஏறி இறங்கினால் கால் அம்பேல்தான்.

"சட்டமெல்லாம் நமக்குத்தான்டி" என்றாள் பாப்பாத்தி, காதில் விழட்டும் என்றே. "வாங்கறதுதான் வாங்கறாங்க, தங்காலுக்குப் பாத்து வாங்கத் தெரியல."

களமே கொல்லென்று சிரித்தது. இன்பமேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேரம் பார்த்து முதலாளி பெரியநாயகத்தின் ஜீப் வந்து நின்றது. பாப்பாத்திக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இன்றைக்கு மேஸ்திரி மாட்டினாள்!

"என்னம்மா இது, களத்துல செருப்பு? நீயே இப்படிப் பண்ணுனா எப்படி?"

"குதிகால் வலிங்க முதலாளி. டவுன்ல டாக்டரம்மாவக் கேட்டேனுங்க. பொழுதுக்கும் வெறுங்காலோட சிமெண்ட்டுல நின்னா வருமாமா. தேஞ்ச செருப்புப் போட்டாலும், ஒடம்பு எடை கூடுனாலும் வருமாமா. பாதத்துக்கு அடியில இருக்கற சவ்வு புண்ணாயிருமாமாங்க."

"மருந்து ஏதும் குடுக்கலையா?"

"மெத்துன்னு செருப்புத்தானுங்க மொதல் மருந்து. அப்புறம், பாயை உட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி காலை நீட்டி, பாதத்துல துண்டை மாட்டி நம்ம பக்கமா இழுக்கோணும். செவுத்தப் புடிச்சு நின்னுட்டு கெண்டைக்கால நல்லா நீட்டி உடோணும். தண்ணி பாட்டில ஐஸாக்கி உள்ளங்காலுக்கு அடியில உருட்டோணும்."

"மார்கழில ஏற்காட்டுக்கு ஐஸ் எதுக்குங்க? கொடத்துத் தண்ணியே போதுமுங்க" என்றாள் சுகுணா.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. பலகையைப் பிடித்தபடி, ஒரு வார்த்தை விடாமல் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். இன்பமேரியை விட்டால் களத்தைப் பார்க்க ஆள் கிடையாது.

"சரி, மண்ணுல மிதிக்காம களத்துக்குன்னே தனியா வெச்சுக்கோணும். தெனம் கழுவோணும். உனக்கு மட்டும்னா நல்லா இருக்காது. வேணுங்கறவங்க ஆரு வேணும்னாலும் போட்டுக்கட்டும்."

மறுநாள் விடியற்காலையில் பாப்பாத்தி பாயில் உட்கார்ந்து துண்டைக் காலில் மாட்டி இழுத்தாள்.

"என்ன புள்ள, காலோட சண்டையா?" என்றான் புருசன்.

"நீங்க சும்மா கெடங்க."

வலி கொஞ்சம் குறைந்தது நிஜம். ஆனால் களத்துக்கென்று தனிச் செருப்பு வாங்கக் காசில்லாமல் வெறுங்காலோடு நின்றதில், பொழுது சாய்வதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், இன்பமேரி நீலச் செருப்பைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து பாப்பாத்தியின் முன்னால் வைத்தாள்.

"எனக்குச் சரிப்படல. நீ போட்டுக்க."

ஓகோ, வேண்டாததை நம் தலையில் கட்டுகிறாளா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கால் உள்ளே போய்விட்டது. அப்பாடா! குதிகாலுக்கு என்ன சுகம்! முன்னேயும் பின்னேயும் இம்மி மிச்சமில்லை.

"உங்க கால் வலி என்னாச்சுங்க்கா?"

"எனக்கேது வலி? ஆண்டவர் கிருபையில எங்காலு கல்லாட்டம் இருக்குது. நீதான் காலைல வேலைக்கு பஸ்ஸ உட்டு எறங்கறப்ப குதிகால் படாம முன்னங்கால ஊனி ஊனி நடக்கறே. முள்ளாம் முள்ளு!"

"அப்ப முதலாளிகிட்டச் சொன்னது?"

"மொதல்ல நீ போட்டிருந்தா புல்லு வெட்ட அனுப்பிச்சிருப்பாரு. என்னைய எங்க அனுப்புவாரு? ஆளை நேர்ல கூட்டிட்டு வான்னாங்க டாக்டரம்மா. திங்கக்கெழம எங்கூட வா."

களமே சிரிக்கும்படி பாப்பாத்தி பேசின பேச்சு இப்போது அவளுக்கே சுட்டது. குனிந்து காலையே பார்த்தாள்.

"அதெப்படிங்க்கா, எங்காலுக்கு இத்தனை கரெக்டா வாங்குனீங்க?"

இன்பமேரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அன்னைக்கு உன்ற செருப்பப் புடுங்கிட்டு டவுனுக்கு பஸ் ஏறுனனே, வேற எதுக்குன்னு நெனச்சே கண்ணு? கடைக்காரன் அளவு கேப்பானில்ல!"