ஆறு மஞ்சள் ஹெல்மெட்

கப்பலில் இருந்தவர்கள்: கோடைப் பயிற்சிக்காக வெளிநாட்டுத் துறைமுகம் பார்க்க வந்த மாணவர்கள் நாங்கள் ஐந்து பேர், எங்கள் பேராசிரியை, மாலுமி ரொசாரி. முதலாளி கைவிட்ட கப்பல் அது. காவலுக்கு ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று துறைமுகத்தார் ரொசாரியை மட்டும் இறங்கவிடவில்லை. பார்க்க வந்த எங்கள் ஆறு பேருக்கும் கேட்டில் ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள்.

“மண்ண மிதிச்சுப் பதினாலு மாசமாச்சு தம்பி. ஒன் ஹெல்மெட்டக் குடு. கேட்டுக்கு வெளிய ஒரு கால் வச்சுட்டு வந்துருதேன்.”

“மாட்டிக்கிட்டா?”

“கேட்டுல நிக்குற காவலாளி மூஞ்சியவா பாக்கான்? ஹெல்மெட்டத்தான எண்ணுதான்.”

கொடுத்துவிட்டு மேல்தளத்தில் நின்றேன். திரும்பிப் போக முன்னால் இறங்கிய எங்கள் ஆட்கள் கைபேசியில் மூழ்கியிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ரொசாரி. காவலாளி ஆறு வரை எண்ணித் தலையாட்டினான். ரொசாரி வெளியே போய், நடந்துகொண்டே இருந்தார். கத்தினால் அவர் மாட்டுவார். நான் வாயைத் திறப்பதற்குள் காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினான்.