பத்துப் பேருக்கு ஒரு குப்பி

தட்டைக் காலால் தள்ளிவிட்டாள். அது தரையில் சறுக்கி வந்து அறைவாசலில் நின்றது. ரசம் பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

"எடுத்துக்கோங்கக்கா" என்றாள் கௌசிகா.

முதலாண்டு எம்.எஸ்ஸி. படிக்கிற பெண். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே காலால் தள்ளத் தெரிந்தவள்.

இவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும்.

நேற்று மாணவியர் விடுதி மொத்தத்துக்கும் கொரோனாப் பரிசோதனை நடந்தது. தனித்தனியாகச் செய்தால் நாள் கணக்கில் இழுக்குமாம். அதனால் பத்துப் பேருக்கு ஒரு குப்பி. பத்துப் பேரின் பஞ்சுக் குச்சியும் அதில் ஒன்றாக ஊறும். கிருமி இல்லையென்றால் பத்துப் பேரும் வகுப்புக்குப் போகலாம். இருந்தால் பத்துப் பேரும் உள்ளே. யாருடைய கிருமி என்று குப்பி சொல்லாது.

இவர்கள் குப்பியில் இருந்தது.

இன்று மதியம் பத்துப் பேரையும் மூட்டை முடிச்சோடு பழைய விருந்தினர் விடுதிக்கு ஓட்டிவிட்டார்கள். ஒரு பெரிய கூடம். ஓரத்தில் ஒரு சின்ன அறை. நாளைக் காலை ஒவ்வொருவராக மறுபடி எடுத்து, சாயங்காலம் முடிவு சொல்வார்களாம்.

அதுவரை பொறுக்க யாருக்கு மனசு வரும்?

"இங்க இருமறது யாரு? நாங்களா?" என்று கௌசிகாதான் ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை எங்க அக்கா கல்யாணம். நான் மட்டும் போக முடியாமப் போகட்டும், அப்புறம் இருக்கு இவங்களுக்கு."

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். இவளுடைய பாயையும் பையையும் சின்ன அறைக்குள் வீசினார்கள்.

ஒரே வார்த்தையில் அத்தனை பேர் வாயையும் இவளால் அடைத்திருக்க முடியும்.

இவளுடைய குச்சி இவள் மூக்கைத் தொடவே இல்லை.

நேற்று வரிசை வாசல்வரை நின்றது. நர்ஸம்மாவுக்கு மூச்சு விட நேரமில்லை. "நீங்களே உள்ள விட்டு அஞ்சு சுத்து சுத்திட்டு இதுல போடுங்கம்மா" என்று ஆளுக்கொரு குச்சியைக் கையில் கொடுத்துவிட்டார். இவள் தட்டிக்குப் பின்னால் போனாள். பத்து எண்ணினாள். சுத்தமான குச்சியைக் கொண்டுவந்து குப்பிக்குள் போட்டாள்.

நாளை மறுநாள் பதினோரு மணிக்கு இவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஐந்தரை வருட ஆராய்ச்சி. நான்கு முறை தள்ளிப்போன தேதி. வழிகாட்டி இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். மார்கழி தவறாமல் வருகிற தூசி இருமல்தான் இது. இருந்தாலும் அதை நம்பிக் கழுத்தை நீட்ட இவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சொன்னால்?

விசாரணை. தேர்வு போச்சு. பட்டமே போனாலும் போகும்.

சொல்லாவிட்டால்?

குப்பியில் இருந்த கிருமி இவளுடையது இல்லை. கூடத்தில் இருக்கிற ஒன்பது பேரில் யாரோ ஒருத்தியுடையது. அது தெரிந்த ஒரே ஆள் இவள்.

இருக்கட்டும். காலால் தள்ளினவர்கள்தானே! நன்றாக அனுபவிக்கட்டும். சோற்றைப் பிசைந்தாள்.

பொழுது சாயும் நேரம். யாரோ கதவை மெதுவாகத் தட்டினார்கள்.

எஸ்தர். அந்த ஒன்பதில் ஒருத்தி. மாடிப்படி ஏறினாலே இழுப்பு வந்து, இன்ஹேலரைத் தேடுகிற பெண். கையில் ஃப்ளாஸ்க்.

"சுடுதண்ணிக்கா. கௌசிகாகிட்ட சொல்லிடாதீங்க."

முகத்தில் மாஸ்க் இல்லை.

எஸ்தருக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. கௌசிகா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒருத்திக்கும் மாஸ்க் இல்லை. பாய்களை ஒட்டி ஒட்டி விரித்திருந்தார்கள். யாரோ பிரித்த முறுக்குப் பொட்டலத்தில் நாலைந்து கைகள்.

"மாஸ்க் எங்க?" என்றாள் இவள்.

"அத மாட்டினா எனக்கு மூச்சு முட்டுதுக்கா. அதான் நீங்க தனியா வந்துட்டீங்கல்ல. இனிமே எங்களுக்கென்ன பயம்?"

சொல்லிவிட்டு எஸ்தர் சிரித்தாள். குத்தலே இல்லாத சிரிப்பு.

இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடு. என் குச்சி பொய், கிருமி உங்களில் ஒருத்தியிடம் இருக்கிறது, அந்தக் கூட்டத்துக்குள் போய்ப் படுக்காதே. மூன்றே மூன்று விஷயம். சொல்லித் தொலை.

"எஸ்தர்."

"என்னக்கா?"

நாளை மறுநாள். பதினோரு மணி.

"ஒண்ணுமில்ல. தேங்க்ஸ்."

எஸ்தர் கதவைச் சாத்தினாள். "மன்னிச்சுக்கோங்கக்கா, எல்லாரும் பூட்டி வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் எஸ்தரின் செருப்புச் சத்தம் கூடத்தை நோக்கிப் போயிற்று. "எங்கடி போன? வா, வா, நடுவுல படு" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

தட்டவில்லை.

உள்பக்கத் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டாள்.