நீல மணிக்கூடு

“பிழை ரீச்சர். பொழுதுபட்ட மைமல் நேரம் எண்டு எழுதிப்போட்டு, மணிக்கூடு பன்னிரண்டு அடிச்சதெண்டும் எழுதியிருக்கிறா” என்றாள் அற்புதராணி. வகுப்பு சிரித்தது.

எழுதிய கத்தரீனா தலைகுனிந்துகொண்டாள். ஐரிஸ் ரீச்சர் மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிகாமத்துத் தென்னந்தோப்பில், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கென்று கிடுகுக் கொட்டிலில் நடந்த வகுப்பு அது. சண்டை நெருங்கி, சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டு ஐந்து கிழமை ஆகியிருந்தது. பாடம், சிறுகதையில் கதைக்களம். ஆட்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், ஓர் இடத்தை மட்டும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. இடத்தை வைத்தே அங்கே என்ன நடந்தது என்று வாசிப்பவர் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

கத்தரீனா குருநகர்க்காரி. போன கிழமை அவள் எழுதியதில் மூன்று வேளைச் செபத்துக்கு அடிக்கும் திருந்தாதி மணி, கலியாண மணி, ஆள் செத்தால் அடிக்கும் துக்கமணி என்று ஒரே கோயில் மணியாக இருந்ததால், கொஞ்சம் குறைக்கும்படி ரீச்சர் சொல்லியிருந்தார். இந்த முறை ஒரேயொரு மணிதான். அதுவும் ஆளில்லாத கூடத்தில், நீலச் சாயம் பூசிய சுவர் மணிக்கூட்டிலிருந்து.

நல்ல தேக்கு மணிக்கூட்டுக்கு யாராவது நீலச் சாயம் பூசுவார்களா? பூசிய ஒருவரை ஐரிஸுக்குத் தெரியும். யன்னலுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தை வீணாக்கக் கூடாதென்று பூசிவிட்டு, தங்கையிடம் இரண்டு நாள் ஏச்சு வாங்கியவர் அவருடைய அண்ணன் ஏர்னெஸ்ட்.

உரும்பிராய் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஏர்னெஸ்டுக்குத் தொய்வு வருத்தம். வாசல் படலை வரை நடந்தாலே மூச்சு இழுக்கும். எல்லோரும் வெளிக்கிட்ட அன்று அவர் கதிரையை விட்டு எழும்ப மறுத்துவிட்டார். நீ போ, நான் வீட்டைப் பார்க்கிறேன் என்றார். ஐரிஸ் போனார்.

அன்றிலிருந்து, அண்ணை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்று ஒரே குரலில் சொல்லி வந்தார். அழவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், பிள்ளைகள் வந்தால் படிப்பித்தார். மனம் மரத்துப் போய்க் கிடந்தது.

இது எங்கே பார்த்த வீடு என்று கத்தரீனாவைக் கேட்டார். உரும்பிராயில், ஆருடைய வீடென்று தெரியாது என்றாள் அவள். குருநகரில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியதிலிருந்து அவளுடைய குடும்பம் ஊரெழுவில் ஒதுங்கியிருந்ததாம். தகப்பனுக்குக் காலில் காயம். வண்டில் ஒன்று பிடித்துப் புறப்பட, சனம் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டதாம். வழியில் மழைக்கு அந்த வீட்டுக்குள் ஏறியிருக்கிறார்கள்.

பத்து நாள். ஐரிஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது ஏர்னெஸ்டின் வேலை. கொடுத்தால் எட்டு நாள் ஓடும், அதற்கு மேல் ஓடாது. அவர் கடைசியாகக் கொடுத்ததை ஐரிஸ் கண்டது, வெளிக்கிட்டதற்கு முதல் நாள். அப்படியென்றால் அடுத்த ஞாயிறும் யாரோ கொடுத்திருக்க வேண்டும்.

“மணிக்கூடு உண்மையா அடிச்சதோ? வடிவுக்கு எழுதேல்லையே?”

“இல்லை ரீச்சர். பன்னிரண்டு தரம் அடிச்சது. நான் எண்ணினனான்.”

பொழுதுபடும் நேரத்தில் எப்படி என்று அற்புதராணி மறுபடியும் தொடங்க, ஐரிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். சில வீடுகளில் மணிக்கூடு ஓடும், நேரம் மட்டும் ஒருநாளும் சரியாக இராது என்றார். ஒழுங்காகச் சாவி கொடுப்பார்கள், முள்ளைத் திருத்தப் பஞ்சிப்படுவார்கள். ஆகவே இது பிழை இல்லை; ஆளைக் காட்டாமலே ஆளின் குணத்தைக் காட்டுகிற கதைக்களம் என்று விளங்கப்படுத்தினார்.

சொல்லும்போதே குரல் உடைந்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ நோகத் தொடங்கியது. அந்த நோவு அவருக்கு வேண்டியிருந்தது. செஞ்சிலுவைக்காரரிடம் தொய்வு மருந்துக் குளிசை கொடுத்துவிட முடியுமா, இன்றைக்கே கேட்கலாமா என்று மனம் ஓடியது.

தாளில் பத்துக்குப் பத்துப் போட்டார். பிறகு, தான் இட்ட கட்டளையைத் தானே மீறினார்.

“அந்த வீட்டிலை ஆரும் இருந்தவையோ?”

“ஓம் ரீச்சர். ஒரு ஐயா, கதிரையிலை இருந்தவர். ஆக்களை எழுத வேண்டாமெண்டு நீங்கள் சொன்னபடியால் விட்டிட்டன்.”

ஐரிஸுக்குச் சிரிப்பு வந்தது. பிடிவாதக்காரர், இன்னும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பு முழுவதும் கேட்கட்டும் என்றே உரத்துக் கேட்டார்.

“அப்ப அவர்தானே மணிக்கூட்டுக்குச் சாவி குடுத்தவர்?”

கத்தரீனா இல்லையென்று தலையாட்டினாள்.

“துக்கமணி அடிக்க அங்கை கோயில் இல்லை ரீச்சர். அம்மாதான் சாவி குடுத்து, முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பினவ.”