முதல் பதினைந்து குடும்பங்கள்

"அந்த ஓடுகாலிப் பய பேரைக் கல்லுல வெட்டினீங்கன்னா, நான் விழாவுக்கே வரமாட்டேன் மாஸ்டர்ஜி. பில்குல் வரமாட்டேன்!" என்று குதித்தார் ஊர்ப் பெரியவர் ராஜமாணிக்கம்.

வருஷம் 1972. அந்தமானில் சிப்பிகாட் பக்கம், அரசாங்கம் நிலம் தருகிறது என்று கப்பலேறி வந்தவர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊருக்கு இருபது வயது. பள்ளிக்கூட வாசலில் கல் நட்டு, முதல் கப்பலில் வந்த பதினைந்து குடும்பத் தலைவர்களின் பெயரைப் பொறிக்க ஏற்பாடு. ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு ஆசிரியர் ஜெகநாதன் தலையில் விழுந்தது. இருபது வருஷத்து ஊரில் இருநூறு வருஷத்துச் சண்டை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பதினான்கு பெயரில் தகராறு இல்லை. பதினைந்தாவது, பாலசுப்பிரமணியம்.

"நிலம் கைக்கு வந்த வாரமே பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் காட்டுல விட்டுட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறினவன். அவனுக்கு மரியாதையா?" என்றார் ராஜமாணிக்கம்.

நியாயம்தானே? ஜெகநாதன் பெயரை அடித்தார். பாலசுப்பிரமணியத்தின் மனைவி பொன்னம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனார்.

பொன்னம்மா பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துட்டோம்மா. உங்க பேரையே போட்டுடறோம்."

"அவரு ஓடலை சார்."

"பின்னே?"

"எங்க வீட்டுக்காரர் கப்பலே ஏறலை. மெட்ராஸ் கேம்ப்ல வாந்திபேதி கண்டு, கப்பல் கிளம்பற அன்னைக்குக் காலையில போயிட்டாரு. ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு நிலம் கிடையாதுன்னாங்க. ஊர்ல இருந்த குடிசையையும் வித்துட்டு வந்திருந்தோம். ஹார்பர்ல அவர் பேரைக் கூப்பிடறாங்க, நான் புள்ளையோட அழுதுட்டு நிக்கறேன். எங்க மூட்டையைத் தூக்கிட்டு வந்த கூலிக்காரரு, 'நான்தான் சார்'னு முன்னாடி வந்துட்டாரு."

ஜெகநாதன் பேனாவை மூடினார்.

"மூணு மாசம் மரம் வெட்டி, குடிசை போட்டுக் குடுத்தாரு. யாரும் இல்லாதப்போ தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. நிலம் வந்ததும் போயிட்டாரு. உண்மையைச் சொன்னா நிலம் போயிடுமேன்னு பயந்து, அவர் மேல பழி விழறதை இத்தனை வருஷம் பார்த்துட்டு இருந்தேன், பாவி. போன மாசம் நிலம் மவன் பேருக்கு மாறிடுச்சு. இனி சொல்லலாம்."

ஜெகநாதன் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "கல்லுல முதல் பேரே அவரோடதுதாம்மா. அவர் நிஜப் பேரு என்ன?"

பொன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் கேட்டேன் சார். 'தெரிஞ்சா என்னிக்காவது வாய் தவறி வந்துடும், நிலம் போயிடும், வேணாம் தங்கச்சி'ன்னு சொல்லாமலே போயிட்டாரு."