ஆரோக்கியமானவரின் ரத்தம்

அன்று மினியாபொலிஸ் ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூவர்: ஆயுள் முழுக்கக் கிருமிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வெள்ளிக்கிழமை ஓய்வுபெறவிருந்த டாக்டர் சோல்வெய்க் ஹாகன், அவருடைய மாணவி மாய் வாங், பண்ணையிலிருந்து கொட்டும் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்த அண்ணன் ஆர்னே ஹாகன்.

"ஐயா, இங்க சாப்பாடு கொண்டுவரக் கூடாது," என்றாள் மாய்.

"நான் எங்க சாப்பிடறேன்மா? மடியிலதானே வச்சிருக்கேன்," என்று மூடிய பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தார் ஆர்னே. பிறகு தங்கையிடம் திரும்பினார். "சோல்வி, வெள்ளிக்கிழமை மேடையில நம்ம லார்ஸ் பேச்சை எடுக்காதே. அம்மா பேரை ஊரு கிழிச்சது போதும்."

லார்ஸ், சின்ன வயதிலேயே இறந்துபோன அவர்களுடைய தம்பி. காய்ச்சலில் துடித்த பிள்ளையை விட்டுவிட்டுத் தேவாலய விருந்துக்குப் போனவள் என்று அம்மாவைத் தூற்றியது ஊர். 'நெத்தி சில்லுனுதான் இருந்துச்சு' என்று அம்மா சாகும்வரை சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

"அதுக்கு விடை தேடித்தானே அண்ணா இந்த வேலைக்கே வந்தேன்?"

மாய் குறுக்கிட்டாள். "டாக்டர், ஒரு வினோதம். காய்ச்சலே இல்லாம நிமோனியாவில படுத்திருக்கானே ஒரு பையன், அவன் ரத்தத்துல கிருமியோட விஷத்தை விட்டேன். வெள்ளணுக்கள் அசையல. அது நாம எதிர்பார்த்ததுதான். ஆனா ஒப்பிட வச்ச ஆரோக்கியமானவர் ரத்தமும் அசையலயே!"

ஒப்பிடுவதற்கான ரத்தத்தை ஆய்வகத்துக்காரர்களே மாறி மாறிக் கொடுப்பார்கள். குழாயில் 'ஆரோக்கியமானவர்' என்று மட்டும் எழுதுவார்கள், பெயர் இருக்காது.

"விஷம்தான் கெட்டுப்போயிருக்கும். கொட்டிடவா?"

"கொட்டாதே. வேற ஒருத்தர் ரத்தத்துல போட்டுப் பாரு. அண்ணா, கையை நீட்டு."

"விருந்தாளியை இப்படித்தான் கவனிப்பீங்களா?" என்று முணுமுணுத்தபடி ஆர்னே கையை நீட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து மாய் கூவினாள். "ஐயா, உங்க ரத்தம் சண்டைக்கோழி! என்னமாச் சீறுது!"

"ஹாகன் ரத்தமாச்சே," என்று ஆர்னே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாயின் முகம் மாறியது. "அப்போ விஷம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆரோக்கியமானவருக்குத்தான் உடம்போட முதல் காவலே இல்ல. பிறவிக் குறை. இது இருந்தா கிருமி உள்ள புகுந்தாலும் உடம்பு சுடாது. பாதிப் பேர் சின்ன வயசுலயே போயிடுவாங்க. அதைத் தாண்டிட்டா வேற காவல் வந்துரும், பொழைச்சுக்குவாங்க. யாரு டாக்டர் அது? கூடப்பிறந்தவங்க யாராவது செத்திருக்காங்களான்னு கேக்கணும்."

சோல்வெய்க் சட்டைக் கையை மெல்லச் சுருட்டினார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"காலையில பனியில யாரும் வந்து சேரல. இத்தனை வருஷத்துல முதல் தடவையா நானே குடுத்தேன்."

ஆர்னே பாத்திரத்தைத் தரையில் வைத்தார். வெகுநேரம் அந்தப் பஞ்சையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சொல்லு சோல்வி. மைக்கைக் கிட்டப் புடிச்சுச் சொல்லு."

ஊரில் சிலர் இன்னும் பழைய கதையையே சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. லார்ஸ் ஹாகனுக்குக் காய்ச்சல் வரவே இல்லை.