இன்னொரு அந்தோணியார்

"குழந்தை எங்க?"

படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி அது.

கொண்டுவந்த ஓவியருக்கு வியர்த்தது. படத்தில் நரைத்த தாடியுடன் ஒரு கிழவர். கையில் ஊன்றுகோல். அதன் நுனியில் ஒரு மணி. காலடியில் கொழுகொழுவென்று ஒரு பன்றி.

"இவரும் அந்தோணியார்தாம்மா. வனத்து அந்தோணியார். காட்டுல தனியா தவம் பண்ணவரு. மணி, பேயை விரட்ட. பன்னி வந்து..."

"எனக்கே மறைக்கல்வி வகுப்பா? நாங்க கும்பிடறது கையில குழந்தை இயேசுவை வச்சிருக்கிற அந்தோணியாரை. பச்சப்புள்ள வர்ற வீட்ல பன்னியை மாட்டுவாங்களாய்யா?"

அந்த அந்தோணியாரின் பழைய படம் இருந்த இடம் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. நேற்றே தம்பி அதைக் கழற்றிவிட்டான். எங்கே வைத்தான் என்று சொல்லவில்லை.

அக்கா காலையில்தான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள், ஒரு பை நிறையக் குட்டிச் சட்டைகளோடு. தம்பி மனைவியை அவள் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்து வந்துகொண்டிருந்தார். அவள் வீட்டுக்குள் நுழையுமுன் புதுப் படம் சுவரில் ஏறிவிட வேண்டும். தம்பி ஓவியரிடம் கெஞ்சியது அது ஒன்றைத்தான்.

ஓவியர் அவனைப் பார்த்தார். "நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க... தனியா இருப்பாரே, அந்த அந்தோணியார்னு?"

அக்கா விருட்டென்று திரும்பினாள்.

"டேய், நீயா கேட்ட?"

"ஆமாக்கா."

"பன்னியையா?"

அவன் குட்டிச் சட்டைப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தான். காலையிலிருந்து இப்படித்தான், அக்காவிடம் எதையோ சொல்ல வருவதும் வேறு வேலை பார்க்கப் போவதுமாக.

"தூக்கமில்லாம இவனுக்குப் புத்தி கலங்கிருச்சு. ஓவியரே, அந்தப் பன்னியை அழிச்சிட்டு, தாத்தா கையில ஒரு குழந்தையைக் கொடுங்க. பெரிய வேலையா?"

பணிந்துபோகும் சுபாவம் ஓவியருக்கு. "பெயின்ட் பையிலதாம்மா இருக்கு. இங்கேயே போட்டுடலாம்" என்று குனிந்தார்.

"வேண்டாம்!"

வீடே அதிர்ந்தது. தம்பி தன்னிடம் குரல் உயர்த்தி அக்கா பார்த்ததில்லை. படத்தை வெடுக்கென்று பிடுங்கினான். நாற்காலியில் ஏறினான். ஆணி இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை மாட்டியது.

படம் கோணலாகத் தொங்கியது. யாரும் அதைச் சரி செய்யவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

அக்காவுக்குச் சண்டை மறந்துவிட்டது. "அத்தை வந்துட்டேண்டா தங்கம்!" என்று இரண்டு கைகளையும் ஏந்தியபடி ஓடினாள்.

கார்க் கதவு திறந்தது. தம்பி மனைவி மெல்ல இறங்கினாள்.

அந்தக் கைகளில் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

தானே போய் அவற்றில் விழுந்தாள்.